திங்கட்கிழமை வரைக்கும்

"ஓட்டைன்னு தெரிஞ்சும் மூடாம இருன்னு சொல்றீங்களே, வெட்கமா இல்ல உங்களுக்கு?"

சோல்வே காபிக் கோப்பையை மேசைமேல் ணங்கென்று வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த டேல் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வினிபெக் நகரத்திலிருந்து பனியில் கார் ஓட்டிக்கொண்டு கிம்லியில் இருக்கும் அவள் வீடு வரை வந்திருந்தார்.

"மூடவே வேணாம்னு சொல்லல, மேடம். திங்கட்கிழமை மூடுங்க."

"ஏன், அன்னிக்கு நாள் நல்லாயிருக்கா?"

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஒரு மென்பொருள் கருவி. அவள் எழுதியது. உலகமே இலவசமாகப் பயன்படுத்துகிறது. போன வாரம்தான் அதில் இந்த ஓட்டை, ஒரு பாதுகாப்புப் பிழை, அவள் கண்ணில் பட்டது. திருத்தம் இன்று வரும் என்று அறிவித்ததும் இந்த மனிதர் வந்து நிற்கிறார்.

"எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டர் எவ்வளவு அனுப்பப்போறேன்னு சொல்லுதோ, அதை அப்படியே நம்பி இந்தக் கருவி மெமரில இடம் ஒதுக்குது. பொய் சொல்லிட்டுக் கூடுதலா அனுப்பினா, எவன் வேணாலும் உள்ள புகுந்துடலாம். தண்ணி சப்ளை, கரண்ட் ஆபீஸ், எல்லாம் இதைத்தான் ஓட்டுது. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? எந்தக் கம்பெனி உங்களை அனுப்புச்சு? மானம் போயிடும்னு பயமா? இத்தனை வருஷத்துல ஒரு நன்றி சொல்லியிருப்பீங்களா? இப்ப மட்டும் வாசல்ல வந்து நிக்கிறீங்க!"

"காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. தயவுசெஞ்சு என்னை நம்புங்க."

"நம்பினதாலதானே இந்த ஓட்டையே வந்துச்சு!"

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். டேல் எழுந்து கையை நீட்டுவதற்குள் திருத்தத்தை வெளியிட்டுவிட்டாள்.

"முடிஞ்சது. எல்லார் மெஷின்லயும் தானாவே அப்டேட் ஆகிடும். போய் உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க!"

அவர் கிளம்பவில்லை. சற்று நேரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு கோட்டுக்குள்ளிருந்து போலீஸ் அடையாள அட்டையை எடுத்து அவள் முன் வைத்தார்.

"குழந்தைங்க ஆஸ்பத்திரி ஒண்ணோட கம்ப்யூட்டரையெல்லாம் ஒரு கும்பல் பணம் கேட்டுப் பூட்டி வெச்சிருக்கு. அந்தக் கும்பலும் உங்க கருவியைத்தான் ஓட்டுது" என்றார். "அந்த ஓட்டை வழியாத்தான், பூட்டைத் திறக்கிற சாவியைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்துட்டு இருந்தோம். பாதிதான் வந்துச்சு."