கப்பிக் கட்டு

பாய்மரத்தின் உச்சியில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த வில்பிரட் கட்டை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தான். பெரிய கப்பியை மரத்தோடு பிணைத்திருந்த கயிற்றில், உள்பக்கமாகப் பாதிச் சுற்றுகளை யாரோ அறுத்திருந்தார்கள். வெளியே தெரியாதபடி மேலே தாரும் பூசியிருந்தது. கீழே, தோணியின் முன்பக்கத்தில் குந்திக்கொண்டு மாசானம் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

தோணியில் கப்பிகளும் கயிறுகளும் வில்பிரட்டின் பொறுப்பு. பாய் ஏற்றும்போது அதைத் தாங்குகிற பருமல் மரத்தின் பாரம் முழுக்க அந்தக் கப்பியில்தான் தொங்கும். கட்டு விட்டுப்போனால் கப்பியும் பருமலும் நேரே மரத்தடியில் வந்து விழும். மரத்தடியில் நின்று கயிற்றை வாங்கிக் கட்டுகிறவன் ரோச், வில்பிரட்டின் அக்காள் புருஷன்.

அக்காள் பிளாரன்ஸ் தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்ததிலிருந்து ரோச் யாரோடும் ஒட்டுவதில்லை. சில நாள் முன்புதான் மாசானம் ஆறுதலாக ஏதோ சொல்லப் போய், எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறை வாங்கினான். அவன் திருப்பி அடிக்கவில்லை. இதை மறக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வில்பிரட் பழைய கட்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கயிற்றைச் சுற்றி, கட்டையைக் கொடுத்து முறுக்கி இறுக்கினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணால் காணாமல் ஒருவன் மேல் கொலைப்பழி போடுவது எப்படி?

கொழும்புக்குப் புறப்படும் நேரம் வந்தது. பாய் ஏற்ற எல்லாரும் மரத்தடியில் கூடியபோது ரோச் எரிந்து விழுந்தான்.

"தள்ளி நின்னு இழுங்கலே. இங்கன ஒருத்தனும் வரக்கூடாது."

பெண்டாட்டி போனபின் இவனுக்கு மண்டைக்கனம் கூடிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் விலகி நின்று இழுத்தார்கள். பருமல் சிக்கலில்லாமல் மேலே போயிற்று. வில்பிரட்டுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கொழும்பில் வெங்காயத்தை இறக்கிவிட்டுத் திரும்புகிற அன்று, கப்பிக்கு எண்ணெய் போட ஏறியவன் மறுபடியும் அதையே பார்த்தான். அதே இடத்தில் அறுப்பு, அதே தார்ப்பூச்சு. திரும்பவும் கட்டினான். இந்தத் தடவை மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. நடுக்கடலில், தோணியை நடத்துகிற தண்டல் பர்னபாஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

தண்டல் வெகுநேரம் யோசித்தார். போலீசுக்குப் போனால் தோணி நின்றுபோகும், பார்த்த சாட்சியும் இல்லை. ரோச்சிடம் சொன்னால் கடலிலேயே வெட்டுக்குத்து நடக்கும். தூத்துக்குடி வந்து சேர்ந்ததும் மாசானத்தைக் கூப்பிட்டு, வேறு தோணி பார்த்துக்கொள்ளச் சொன்னார். என்ன குற்றம் செய்தேன் என்று மாசானம் கேட்டுக்கொண்டே நின்றான். தண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பழைய துறைமுகத்துக்கு மாசானத்தின் மனைவி இசக்கித்தாய் கைப்பிள்ளையோடு வந்தாள். வேலையைத் திருப்பிக் கேட்டு அவள் வரவில்லை. ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை, வேம்பார் உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்விட்டார் என்றாள்.

"அவுக என்ன தப்பு செஞ்சாவன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

வில்பிரட் கயிற்றைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டான். மச்சான் உயிரைவிடவா இது பெரிது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அவள் போன திசையை அவனால் பார்க்க முடியவில்லை.

அடுத்த பயணத்துக்குச் சரக்கு ஏறி முடிந்தது. தண்டல் சுங்க ஆபீசுக்குப் போயிருந்தார், ஆட்கள் டீக்கடையில் இருந்தார்கள். இனிப் பயமில்லை என்ற தெம்பில், பழக்கத்துக்காகத்தான் வில்பிரட் பாய்மரத்தில் ஏறினான்.

கட்டில் கை வைத்தவன் அப்படியே உறைந்துபோனான். உள்பக்கச் சுற்றுகள் அறுந்திருந்தன. பூசிய தார் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.

மாசானம் வேம்பாரில் இருக்கிறான். அப்படியானால் பழிகாரன் தோணியிலேயே இருக்கிறான். ஒரு பாவமும் அறியாதவனை விரட்டிவிட்டோமே என்று நெஞ்சு பதைத்தது. இசக்கித்தாயின் முகம் கண்முன் வந்து நின்றது.

கீழே ரோச் மட்டும் மரத்தடியில் கயிற்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். வில்பிரட் சரசரவென்று இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்று தடவை கட்டு அறுந்ததையும், முதல் இரண்டு தடவையும் ரகசியமாகத் தான் புதுக் கட்டு போட்டதையும், மாசானத்தைத் தப்பாக நினைத்து அனுப்பியதையும் மூச்சு விடாமல் சொன்னான். ரோச் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிளாரன்ஸைக் குழியில் இறக்கிய அன்றைக்கு இருந்த அதே முகம்.

"யாரோ உங்களக் கொல்லப் பாக்கான் மச்சான். ஆளு யாருன்னு தெரியிற மட்டும் நீங்க இங்கன நிக்க வேண்டாம். உங்க இடத்துல நான் நிக்கேன்."

அதைக் கேட்டதும் ரோச்சின் கையிலிருந்த கயிறு நழுவியது. வில்பிரட்டின் தோளைப் பிடித்து மரத்தடியை விட்டுத் தூர இழுத்தான். பிளாரன்ஸ் போனபோதுகூட அழாத மனுஷன், தோணியின் ஓரத்தில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். வில்பிரட் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் மண்டியிட்டான்.

ரோச் தலை நிமிராமலே கேட்டான்.

"நீ எதுக்குலே திரும்பத் திரும்பக் கட்டுன?"