ரிப்பன் முடிச்சு

"இந்த நர்ஸ் இருக்கிற ரூமுக்குள்ள என் பொண்ணு வர மாட்டா!"

தொண்டை டாக்டரின் அறை வாசலிலேயே அவன் கத்தினான். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன விஷயம்?" என்றார் டாக்டர். அவர் அங்கே புதிது.

"ஆறு மாசம் முன்னாடி இவளுக்கு நிமோனியா டாக்டர். ஐ.சி.யூ.ல தொண்டைக்குள்ள மூச்சுக் குழாய் போட்டிருந்தாங்க. பிடுங்கிடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் துணியால கட்டி வைப்பாங்களாம். இந்த மகராசி ஒழுங்காக் கட்டலை. குழந்தை குழாயை உருவிட்டா. அதுல தொண்டை புண்ணாகி, இன்னைய வரைக்கும் குரல் வரலை."

"தப்பு என்னோடதுதான் சார். அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன்," என்றாள் நர்ஸ்.

எழுதிக் கொடுத்த கையோடு அவளை ஐ.சி.யூ.விலிருந்து தூக்கி, இங்கே சீட்டு நம்பர் கூப்பிடுகிற வேலைக்குப் போட்டுவிட்டார்கள். பத்து வருஷ அனுபவம் அதோடு போச்சு. அவனுக்கு அதுவும் போதவில்லை.

"எழுதிக் கொடுத்தா ஆச்சா? வாய் ஓயாம பாடிக்கிட்டிருந்த பொண்ணு!"

நாலு வயது சிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரெட்டைச் சடையில் பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு சிவப்பு ரிப்பன். தினமும் அப்பா கட்டிவிடுவது. அந்த வேலையை மட்டும் அவன் மனைவிக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான்.

"முதல்ல குழந்தையைப் பார்ப்போம்," என்றார் டாக்டர்.

மூக்கு வழியாகச் சின்ன கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்க்க வேண்டும். தட்டிவிடாமல் இருக்க, நர்ஸ் ஒரு துண்டை எடுத்துச் சிட்டுவின் கைகளைச் சேர்த்துச் சுற்றினாள்.

சிட்டு மிரண்டுபோய் அப்பாவைப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா... அவுத்து விடு. அன்னைக்கு அவுத்து விட்டியே, அந்த மாதிரி."

அவன் அந்தத் துண்டையே பார்த்தான்.

அன்று ஐ.சி.யூ.வுக்குள் அவனை விட்டது பத்தே நிமிஷம். கட்டின இடத்தில் மணிக்கட்டு சிவந்திருந்தது. குழந்தை கண்ணாலேயே கெஞ்சினாள். மனசு கேட்காமல் ரெண்டு கையையும் அவிழ்த்துத் தடவிக் கொடுத்தான். கிளம்பும்போது திரும்பக் கட்டிவிட்டுத்தானே வந்தான்? வலிக்காமல், தளர்வாக. நர்ஸைத் திட்டித் தீர்த்த ஆறு மாதத்தில் அது ஒரு தடவைகூட அவன் ஞாபகத்துக்கு வரவில்லை.

"சிஸ்டர்... உங்களுக்குத் தெரியுமா?"

நர்ஸ் சிட்டுவின் சடையைப் பார்த்தாள்.

"அவ உருவிக்கிட்டது ஒரு கையைத்தான் சார். இன்னொரு கையில முடிச்சு அப்படியே இருந்துச்சு. நாங்க அப்படிக் கட்ட மாட்டோம். இதே ரிப்பன் முடிச்சு."

"அப்புறம் ஏன் நீங்க..."

"குழாயைத் திரும்பப் போட்டுட்டு உங்களை உள்ளே கூப்பிட்டோம். உங்க விரலைப் பிடிச்ச பிறகுதான் அவ அடங்கினா. அந்தக் கையைப் போய் எப்படி சார் காட்டிக் கொடுக்கிறது?"