கன்ட்ரோல், ஆல்ட், எஃப் ஒன்று

"எத்தனை தடவை செஞ்சே?" என்று கேட்டார் சகாய ஆண்டனி.

"எட்டுத் தடவை" என்றாள் வின்சி.

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"ஒன்பதாவது தடவை சரியாயிரும்னு தோணுச்சு."

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். மொதல்லேர்ந்து சொல்லு."

வின்சி காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுப்பவள். திங்கட்கிழமை காலை ஒரு கல்லூரி முதல்வர் முன்னால் முதலாளி மாயக்கண்ணனின் லேப்டாப்பில் லினக்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அவளுக்குக் கல்லூரியிலேயே வேலை. ஊரில் லினக்ஸ் தெரிந்த ஒரே ஆள் சகாய ஆண்டனி. பெங்களூரில் படித்தபோது கற்றது. ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நிச்சயமாக உட்கார்ந்திருப்பார்.

"படம் வர்ற திரை நல்லாத்தான் இருக்கு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் ஒன்று அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனா, எட்டுத் தடவையும் கண்டாங்கிச் சேலையைக் கசக்கிப் போட்ட மாதிரி கலர் கலராக் கோடு. ஒரு எழுத்தும் தெரியல."

"எஃப் ஏழு அழுத்துனா?"

"படம் திரும்ப வந்துருது."

"அப்ப ஸ்கிரீன் கெடல. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு மாறுறப்போ வீடியோ சிப் தடுமாறுது. மாறவே விடாதே. லினக்ஸைத் தொடக்கி வைக்கிற லிலோ இருக்குல்ல, அதோட கோப்புல விஜிஏ 791னு போடு. போட்டுட்டு லிலோவை ஒரு தடவை ஓட்டு, அதை மறந்தா பிரயோசனமில்ல. படம் காட்டுற எக்ஸையும் அதே ஃப்ரேம்பஃபர் முறைக்கு மாத்திரு."

வின்சி உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது.

"மொதலாளிகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?"

"எலி கடிச்சிருச்சுன்னு..."

"லேப்டாப்பையா?"

"ஆமா. எனக்கு லினக்ஸ் தண்ணிபட்ட பாடுன்னும் சொல்லிட்டேன். நீங்கதான் காப்பாத்தணும். வேற யார்கிட்டயும் சொல்லிறாதீக."

"சொல்ல எனக்கு அனுமதியே இல்லம்மா." சகாய ஆண்டனி பெருமூச்சு விட்டார். "ரெண்டு பொய்க்கும் சேர்த்து மூணு தடவை அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லு. லிலோவுக்கு மந்திரம் பலிக்காது, ரீபூட்தான்."

முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு மாதா கோயிலில் சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும் கூண்டிலிருந்து வின்சி எழுந்தபோது, பின்னால் வரிசையில் நின்ற அடைக்கலமேரி அவள் காதோரம் குனிந்தாள்: "அரை மணி நேரமா? அப்படி என்னடி பண்ணித் தொலைச்சே?"