கரிகாலன் மரம் வெட்டாத நாள்

பிள்ளையார் மேல் ஆணை, மடு மாதா மேலும் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மரத்தின் உயரத்தில் மட்டும் ஒரு முழம் கூடக் குறைய இருக்கலாம்.

மரம் நின்றது பிரெஞ்சுத் தலைநகரில், நம் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில், இராஜதுரையின் பலசரக்குக் கடைக்குப் பின்முற்றத்தில். ஏழாம் மாடியை எட்டிப் பார்க்கிற உயரம். மூன்று பேர் கைகோர்த்தாலும் அடங்காத அடி. பட்டுப்போய் இரண்டு வருசம்.

2013 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, யன்னலுக்கு யன்னல் தலைகள். கொப்புகளைக் கயிற்றில் கட்டி இறக்கியாயிற்று. மொட்டையாய் நின்ற அடிமரத்தைத்தான் இனி விழுத்த வேண்டும். வலப்பக்கம் இராஜதுரையின் அரிசி அறை, இடப்பக்கம் மதில். நடுவில் ஒரு வான் வண்டி நிற்கிற அகலம்தான்.

மரம் வெட்டும் கொம்பனி முதலாளி அந்துவான் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"கூரையில் ஓடு உடையாமல் விழுத்தி, பலகையாய் அரிந்து தருகிறவனுக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம், கொந்த்ரா. இடம் ஒன்றுதான்."

நின்றவர்கள் இரண்டு பேர். கரிகாலன் யாழ்ப்பாணத்தான், பதினைந்து வருசமாய் மரம் வெட்டுகிறவன், பிரெஞ்சுக் குடியுரிமை கையில். மடுத்தீன் மன்னாரான், கொப்பு இழுக்கிறவன். கொந்த்ரா காட்டாவிட்டால் டிசம்பரோடு அவனுடைய விசா முடிந்துவிடும். வீட்டில் மனைவி மேரிறோஸும் இரண்டு பிள்ளைகளும்.

சங்கிலி வாளோ கரிகாலனுடையது. முதல் வாய்ப்பும் அவனுக்கே. மடுத்தீன் கையிலிருந்த கயிற்றை வீசி எறிந்தான்.

கரிகாலன் வாளை முடுக்கினான். அது உறுமியது. மரத்துக்குக் கிட்டப் போனவன் பட்டென்று நிறுத்தினான்.

"என்னாலை ஏலாது."

"என்னண்ணை?"

"பூரணி முழுகாமல் இருக்கிறா. பிள்ளைத்தாச்சியின்ரை புருசன் மரம் தறிக்கக்கூடாது."

மடுத்தீனுக்குச் சிரிப்பு வெடித்தது. "மூத்தவளுக்குக் கலியாணம் பேசுற வயசிலையோ!"

"கடவுள் குடுத்தது. உனக்கென்னடா?"

"அண்ணை, இது பட்ட மரம். செத்ததைத் தறிக்க என்ன தோசம்?"

"மரம் மரந்தான்."

"தாடியும் வழிக்கக்கூடாதாமே? உங்கடை கன்னம் பளபளக்குது!"

கரிகாலன் கன்னத்தைத் தடவினான். "அது... வழிச்ச பிறகுதான் சொன்னவள்."

மடுத்தீன் இதைப் பிரெஞ்சில் விளக்க, அந்துவானின் முகம் மரத்தைவிட வறண்டு போனது.

"பெண்சாதி கர்ப்பமென்றால் மரத்துக்கென்ன? சரி, நீ வெட்டுவாயா?"

கேட்டு முடியுமுன் வாள் மடுத்தீன் கையில்.

மரம் விழவேண்டிய முன்பக்கம் வாய்போல் ஒரு துண்டு அறுத்தெடுத்தான். பின்பக்கம் போய் வாளை வைத்தான். பறந்த தூளில் மூன்றாம் மாடிச் சனமும் தும்மியது.

மதிலோரம் கைகட்டி நின்ற கரிகாலனின் வாய் மட்டும் ஓயவில்லை.

"மீன் வெட்டினவனுக்கு மரம் தெரியுமோ! வலப்பக்கம் உளுத்துக் கிடக்குது, குருடா! இடப்பக்கத்தை முழுக்க அறுக்காதை, கொஞ்சம் விடு!"

"பேசாமல் நில்லுங்கோ!"

"ஆப்பு எப்ப அடிக்கப் போறாய், அடுத்த வருசமோ?"

வந்த ரோசத்தில் மடுத்தீன் ஆப்பை ஓங்கி அடித்தான். மரம் முனகியது. அரிசி அறைப் பக்கம் சாய்ந்தது!

"ஐயோ, என்ரை கூரை!" இராஜதுரை தலையில் கைவைத்தார்.

அறுக்காமல் விட்ட இடப்பக்கம் பிடித்து இழுத்தது. மரம் திரும்பி, நடு முற்றத்தில் தொம்மென்று விழுந்தது. பக்கத்துக் கார் து நோர் நிலையத்தில் நின்ற ரயில் ஒருதரம் துள்ளியதாம். கூரையில் ஓர் ஓடும் அசையவில்லை. யன்னலெல்லாம் கைதட்டல்.

முற்றத்து வாசல் ஒடுக்கம், லொறி உள்ளே வராது. அதனால் மரத்தை அங்கேயே அரிய வேண்டும். மடுத்தீன் அதன் மேல் ஏணியைக் கிடத்தி, அதை நேர்கோடாய்ப் பிடித்து வாளை ஓடவிட்டான். கழன்ற முதல் பலகையில் புலித்தோல் மாதிரி வரி! பின்னேரம் கொந்த்ராவில் கையெழுத்து.

கரிகாலன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனான். மடுத்தீன் தேத்தண்ணிக் கடையெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

"செத்த மரத்துக்குப் பயந்த ஆம்பிளை!"

மூன்றாம் கிழமை மேரிறோஸ் அதட்டினாள். "சிரிச்சது காணும். அந்தப் பிள்ளைத்தாச்சியை ஒருக்காப் போய்ப் பாப்பம்."

மாங்காயும் அரியதரப் பணியாரமும் கட்டிக்கொண்டு இருவரும் மார்க்ஸ் டோர்மோயில் கரிகாலன் வீட்டுக்குப் போனார்கள். கரிகாலன் வேலையில். கதவைத் திறந்தது பூரணி.

"ஆருக்கு இவ்வளவு மாங்காய்?"

"உங்களுக்குத்தான் அக்கா. எத்தினை மாசம்?"

பூரணி மாங்காயைப் பார்த்தாள். மடுத்தீனைப் பார்த்தாள். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தாள்.

"அதுதானோ மெட்ரோவிலை எங்கடை சனமெல்லாம் எழும்பி எனக்கு இடம் விடுகுது!"

மடுத்தீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உம்மடை விசா முடியுதெண்டு மரம் தறிச்ச கிழமை முழுக்க இந்த மனிசன் ஒழுங்காச் சாப்பிடேல்லை. கொந்த்ராவை விட்டுக்குடுத்தா நீர் வாங்கமாட்டீரெண்டும் புலம்பினது." அவள் கண்ணைத் துடைத்தாள். "எனக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருசம், தம்பி."

தனக்கு எல்லாம் தெரியுமென்று மடுத்தீன் இன்றுவரை கரிகாலனிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீங்களும் நான் சொன்னதாக மூச்சுக் காட்டாதீர்கள். கரிகாலன் அந்த வாளை இன்னும் விற்கவில்லை.