சுவரில் ஒரு திறந்த வாய்

நகராட்சிக் கூடத்துச் சுவரில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்களையே பார்த்துப் பார்த்துச் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார் ஓவியர். நாளை திறப்பு விழா. அத்தனை முகங்களில், வாரந்தோறும் வந்து கேள்வி கேட்டே அந்தப் பேர் வாங்கிய கேள்வியக்காவின் வாய் மட்டும் திறந்திருக்கிறது. அது மூடியிருந்து ஓவியர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஏணியடியில் மேலாளர் அண்ணாந்து நிற்கிறார். "அந்தம்மா வாயை மூடிடுங்க சார். இல்லன்னா மொத்தச் சுவருக்கும் வெள்ளையடிக்கச் சொல்லிட்டார் தலைவர்." வரிசையில் பேச்சு அடங்குகிறது. மின்விசிறி மட்டும் யாருக்கும் பயப்படாமல் கிறீச்சிடுகிறது. மாதக்கணக்கில் வரைந்த முகங்களெல்லாம் ஒரு வாய்க்காகப் போய்விடும். தூரிகை நுனியில் சாயம் திரண்டு நிற்கிறது. ஓவியரின் கை எழவில்லை. வரிசையிலிருந்து கேள்வியக்காவே குரல் கொடுக்கிறாள்: "மூடிருங்க தம்பி, மத்தவங்களாவது பிழைக்கட்டும். எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்னு நான் இங்க நின்னு கேட்டுக்கறேன்." அவளுக்குப் பின்னால், இருமுவதற்குக்கூட அனுமதி கேட்கிற தையல்காரர் தொண்டையைச் செருமுகிறார். சுவரிலும் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார். "அண்ணே, அப்படின்னா என் வாயைத் திறந்து விட்டுடுங்க." மேலாளர் மெல்லச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறார். மூடிய வாய்கள் அங்கே இன்னும் நிறைய இருக்கின்றன.