வளையத்தில் இருந்த பெயர்

"பிஸ்மி சொல்லி அறுத்துடுங்க காக்கா. செத்துப்போச்சுன்னா யாருக்கும் ஆகாது."

அப்துல் ரவூப் பறவையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான். தாராவியில் காடி என்கிற கழிமுக ஓடையின் ஓரச் சகதியில், நைலான் வலைக் கந்தலில் கால் சிக்கிக் கிடந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை. தோல் கிடங்கு ஆட்கள் சுற்றி நின்றார்கள். அடுப்பு பற்றவைத்தாயிற்று.

அண்ணன் முறைக்குக் காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் முகைதீன் அறுத்தால்தான் நம்பிச் சாப்பிடுவார்கள். கத்தி அவர் கையில் இருந்தது.

"கொக்குன்னா வெள்ளையால்லா இருக்கும்? இது என்ன, சாம்பல் பூசி, இடுப்பு உசரத்துக்கு?" என்றான் மசாலா அரைத்து வைத்திருந்த நெல்லையப்பன்.

"பம்பாய்க்கு வந்த எவன்ல வெள்ளையா இருக்கான்?" என்றான் ரவூப்.

முகைதீன் சிரிக்கவில்லை. மேலே பார்த்தார்.

இதே ஜாதியில் இன்னொன்று காடிக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பறவைக் கூட்டம் எப்போதோ போய்விட்டது. அது மட்டும் போகவில்லை. கர்ரென்று கத்தும். ரவூபின் கைக்குள்ளிருந்து இது பதிலுக்குக் கத்தும்.

அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். கழுத்துக்குப் போன கை காலில் நின்றது. காலில் ஒரு வளையம். அதில் பொடிப்பொடியாய் எழுத்து.

"பேர் போட்டிருக்கு."

"ஆரு பேரு? வாசிங்க. நாப்பது வயசுல ராத்திரிப் பள்ளிக்கூடம் போன படிப்பாளியாச்சே நீங்க!"

முகைதீன் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே அது மறுபடி கத்தியது.

"ராபியா."

"பொம்பள வளத்த கொக்கா!"

"அடுத்தவங்க பொருள். கேக்காம அறுத்தா ஹராம்."

"எனக்கு ஹராம் இல்லையே காக்கா" என்றான் நெல்லையப்பன்.

"திருட்டு உனக்கும் திருட்டுதாம்ல."

அந்தக் கத்தியாலேயே, காலை இறுக்கியிருந்த நைலான் நூலை அறுத்துவிட்டார் முகைதீன்.

ரவூப் கையை எடுத்தான். அது சகதியில் நாலு எட்டு ஓடி, தடுமாறி, எழும்பியது. மேலே இருந்தது தாழ இறங்கிவந்து அதன் பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

"ஏ ராபியா! பத்திரமா வீடு போய்ச் சேரு!" ரவூப் கையைக் குவித்துக் கத்தினான்.

மற்றவர்களுக்கும் அது விளையாட்டாகிவிட்டது. ராபியா, ராபியா என்று காடியோரம் முழுக்கக் கூப்பாடு. இரண்டும் புள்ளியாகி மறைந்த பிறகும் ஓயவில்லை.

முகைதீன் சுத்தமாக இருந்த கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது தமிழ். வளையத்தில் இருந்தது இங்கிலீஷ்.

சம்சாரத்தின் பேரை நாலு பேர் முன்னால் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. போன வருஷம் அவள் சாவுத் தந்தி வந்த அன்றும், "வீட்ல மவுத்தாயிட்டாங்க" என்று சொல்லித்தான் கிடங்கில் லீவு கேட்டார்.

பேரை யாரும் கேட்கவில்லை.