சுங்குடி ஃபோல்டருக்குப் பூட்டு

“திருடனை நான் தேடவே மாட்டேன் மொதலாளி. அவனே தன் காலால நடந்து வந்து, ‘என்னை ஏன் திருட விடமாட்டேங்குற?’ன்னு உங்ககிட்ட சண்டை போடுவான். போடலைன்னா என் மீசையை எடுத்துர்றேன்!”

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் ஈஸ்வரன் இப்படி அடித்துவிட்டதும், ஆபீஸ் மின்விசிறியே ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுத்தான் சுற்றியது. முதலாளி பெருமாள்சாமி மட்டும் துளியும் நம்பவில்லை.

“ஏலே, எந்த ஊருத் திருடன்டா அப்படி வருவான்? மீசையை இப்பவே எடுத்துட்டு வேலையைப் பாரு.”

திண்டுக்கல்லில் அவருடையது சுங்குடிச் சேலை வியாபாரம். ஆபீசில் நாலு கம்ப்யூட்டர். நாலுக்கும் பொதுவாக ஒரே ஃபோல்டர். டிசைனர் தமிழ்நிலா காலையில் ஒரு சேலை வரைந்து அதில் போட்டால் போதும், சாயம் காய்வதற்குள் அதே சேலை சின்னாளபட்டியில் மதியழகன் கடை பொம்மை இடுப்பில் ஏறியிருக்கும்.

மதியழகன் பெருமாள்சாமியின் சகலை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள்தான். ஆனால் பேச்சு அறுந்து மாமாங்கம் ஆகிறது. கல்யாணப் பந்தியில் ஒருவர் உட்கார்ந்தால், மற்றவர் பாயசத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விடுவார்.

“ஆபீசுக்குள்ள இருந்துதான் போகுது. வரையிறதும் நீ. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளு சிக்கலைன்னா நீ கெளம்பிக்கம்மா,” என்று தமிழ்நிலாவிடம் சொல்லிவிட்டார் பெருமாள்சாமி. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

ஈஸ்வரன் பியானோ வாசிப்பதுபோல் கீபோர்டைத் தட்டினார். “இனி இந்த ஃபோல்டர் இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் திறக்கும். உங்களுக்கும் கிடையாது மொதலாளி.”

“எனக்குமாடா?”

“பூட்டுன்னா எல்லாருக்கும்தான்.”

தமிழ்நிலாவுக்குப் புரிந்துவிட்டது. இனி ஒரு டிசைன் வெளியே போனாலும் திருடி அவள்தான்.

மறுநாளே கணக்குப்பிள்ளை காத்தமுத்து ஈஸ்வரன் காதோரம் குனிந்தார். “அப்பு, செத்த நேரம் எனக்கு மட்டும் திறந்துவிடு. யாருக்கும் தெரிய வேணாம்.”

“சிக்கிட்டான்யா!” பெருமாள்சாமி பாய்ந்து வந்தார்.

தமிழ்நிலா திறந்து காட்டினாள். காத்தமுத்து மகனுக்கு வந்த ஜாதகங்கள்! வேடசந்தூரிலிருந்து வத்தலக்குண்டு வரை கல்யாணமாகாத பெண்கள் அம்புட்டுப் பேரும் அதற்குள் குடியிருந்தார்கள்.

அடுத்து, பில் போடும் நசீம் பானு சண்டைக்கு வந்தார். அவர் ஒளித்துவைத்திருந்தது ஒரு டிவி சீரியல், மாமியார் மூன்று முறை செத்துப் பிழைத்தது வரைக்கும்.

“இது ஃபோல்டரா, வாரச் சந்தையா?” பெருமாள்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. திருடன் வரவில்லை.

“பூட்டுப் போட்டதும் திருட்டு நின்னுபோச்சு. உன் ஒருத்திக்குத்தான் திறக்குதுன்னதும் பயந்துட்டே, அதான். கெளம்பும்மா. ஈஸ்வரா, நீ சலூனுக்குக் கெளம்பு.”

தமிழ்நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்தாள்.

வாசலில் ஒரு பைக் உறுமி நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், புயலாக உள்ளே வந்தார் சகலை மதியழகன்.

“ஏண்ணே, உங்களுக்கே இது நல்லாருக்கா? மூணு நாளா ஒரு டிசைனும் வரல! என் பட்டறையில ஆளுக கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. தீபாவளி நேரத்துல இப்படிப் பொறுப்பில்லாம இருந்தா நான் எப்படித் தொழில் பண்றது?”

ஆபீசே வாயைப் பிளந்தது. ஈஸ்வரன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்: “உங்களுக்கு யாருய்யா அனுப்புறது?”

“எனக்கு யாரும் அனுப்பல. என் வீட்டுக்காரி போனுக்குத் தெனமும் வரும்,” என்ற மதியழகன், பெருமாள்சாமியை முறைத்தார்.

பெருமாள்சாமி தமிழ்நிலாவின் கையிலிருந்த பையை வாங்கி, அவள் மேஜை மேலேயே திரும்ப வைத்தார்.

“நீ சொன்ன மாதிரியே நடந்துருச்சு ஈஸ்வரா. பகை சகலையோடதானே? கொழுந்தியா கைராசிக்காரிடா. டிசைனை அவ போனுக்கு அனுப்பிக் கண்ணுல காட்டாம ஒரு சேலையைக்கூட நான் சாயத்துக்கு முடிச்சுப் போடக் கொடுத்ததில்ல.”